மாவுக்கட்டின் ஓரத் தையல்

குதிகால் நரம்பு அறுந்தபோது அவன் முதலில் செய்தது, திரும்பிப் பார்த்துத் திட்டியதுதான். இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தவனுக்கு யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்தது போலிருந்தது. பின்னால் யாருமே இல்லை.

ஆபரேஷன் செய்து நரம்பைத் தைத்து, விரல்நுனி தரையைப் பார்க்கும்படி பாதத்தைக் கீழே வளைத்து, முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார் டாக்டர். "காலை ஊன்றினீங்கன்னா நான் தைச்சதெல்லாம் வீண்."

"பிரிஞ்சா என்ன டாக்டர், வீட்டிலேயே ஒரு தையல்காரி இருக்கா" என்றான் அவன்.

தையல்காரியான அவன் மனைவி சிரிக்கவில்லை. அவனைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது, அவனோடு ஜோடி சேர்ந்து ஆடும் அலுவலகப் பெண். அந்தப் பெண் இன்னும் வீட்டுக்குப் போகாமல், அவனுடைய ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஷூதான் தையல்காரியின் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது.

தையல் கடைக்குக் கிளம்பும்போது அவள் கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் போவாள். யாராவது தட்டினால் அவன் ஊன்றுகட்டைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வர வேண்டாமே என்று. ஒருநாள் திரும்பி வந்தால் சமையலறையில் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அக்குளில் கட்டைகளோடு நிற்பவனுக்குத் தண்ணீர் எடுத்துக் குடிக்கவே கை கிடையாது. கழுவுவதாவது!

"யாராவது வந்தாங்களா?"

"யார் வருவா? நானும் இந்தச் சுவரும்தான்."

"சுவரா டம்ளர் கழுவிச்சு?"

"கழுவியிருக்கும். நீ வெள்ளையடிக்கவே மாட்டேங்கறேன்னு என்கிட்ட ஒரே புலம்பல்."

மறுநாள் கட்டிலின் தலைமாட்டில் இருந்த முக்காலி கால்மாட்டுக்குப் போயிருந்தது. அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தான்.

கடையில் பட்டன் தைக்கும் அக்காவிடம் வாயை விட்டது தப்பாகப் போயிற்று. "கால் போன புருஷன்னா நிம்மதின்னு நினைச்சியாடி? இப்பதான் அவரு எந்நேரமும் ஒரே இடத்துல கிடைப்பாரு!"

"சும்மா இருங்கக்கா."

அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டிவிட்டாள்.

சாயங்காலம், சரிந்த தலையணையைச் சரிசெய்ய அவன் காலைத் தூக்கினாள். முழங்காலுக்குப் பின்னால் கட்டின் விளிம்பு அரமாக உரசுகிறது என்று அரற்றிக்கொண்டிருந்தவன், ரெண்டு நாளாக அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கை வைத்துப் பார்த்தாள். மெத்தென்றிருந்தது. கரடான விளிம்பை மூடி ஒரு பருத்தித் துணிப்பட்டி. கட்டுக்கு அடியில் காலைச் சுற்றியிருந்து வெளியே மடங்கி வந்த உறைத்துணியோடு அதைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்திருந்தது. அவனால் தைத்துக்கொள்ள முடியாத இடம். யாரோ ஒருத்தி கால்மாட்டில் முக்காலியைப் போட்டு, அவன் காலை மடியில் ஏந்திக்கொண்டு தைத்திருக்கிறாள்.

மடியில் இருந்த அந்த ஷூ ஞாபகம் வந்தது.

"இது யாரு தைச்சது?"

முதல்முறையாக அவனிடம் ஜோக் இல்லை. "கேட்காதேம்மா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்கிற சத்தியமா?"

"நீ நினைக்கிற மாதிரி இல்லை."

"நான் என்ன நினைக்கிறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" கத்தரியைக் கொண்டுவந்தாள். தையலைப் பிரித்து எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. விளக்கைக் கிட்டே இழுத்து, நூலுக்கடியில் முனையை நுழைத்தாள்.

கை நின்றுவிட்டது.

தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் தைத்தாலும், கடையில் இருக்கிற வேறு யார் தைத்தாலும் இப்படிச் சாயாது. இடக்கையால் ஊசி பிடிக்கிற ஒரே ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும்.

அம்மா.

'சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஆளு, மகளையே கொத்திக்கிட்டுப் போயிட்டான்' என்று ஊரெல்லாம் சொன்ன அம்மா. கல்யாணத்துக்கும் வராமல், இந்த வீட்டு வாசலையும் மிதிக்காமல், அவனை இன்றுவரை 'அந்த ஆளு' என்று மட்டுமே குறிப்பிடும் அம்மா.

சந்தேகம் கரைந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. "இத்தனை வருஷமா என்னைப் பார்க்க வரலை. உங்களைப் பார்க்க மட்டும் வர்றாளா?"

"என்னை எங்கே பார்க்கறாங்க? திட்டத்தான் வர்றாங்க. 'ஓடியாடி விளையாடற வயசா உனக்கு'ன்னு ஆரம்பிச்சா காப்பி ஆறிடும்." அவன் குரல் தணிந்தது. "உனக்குத் தெரிஞ்சா மறுபடி வரமாட்டேன்னாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி பக்கத்து ரூம்ல இருக்கிற உன் தையல் மெஷினைத் தொட்டுப் பார்க்காம போனதில்லை. பெல்ட் தளர்ந்திருக்காம்."

தளர்ந்துதான் இருந்தது. அவளே கவனிக்கவில்லை.

பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கத்தரியை எடுத்தாள். அம்மாவின் இடக்கைக் கத்தரி. வீட்டை விட்டு வந்த அன்று கோபத்தில் பையில் போட்டுக்கொண்டது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

"அடுத்த வாரம் பாதத்தைக் கொஞ்சம் நிமிர்த்திப் புதுக் கட்டுப் போடுவாங்க. அதுவும் உரசும்" என்றபடி, மென்மையான துணி ஒன்றையும் கத்தரியையும் முக்காலி மேல் வைத்தாள். "நீங்க எதுவும் சொல்லலை. நானும் எதுவும் கேட்கலை."

மறுநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தவளின் கண் நேரே முக்காலிக்குப் போனது. கத்தரி இல்லை. துணி மட்டும் வைத்த மடிப்பு கலையாமல் இருந்தது. அம்மா தன் பொருளை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டாளா? இனி வரவே மாட்டாளா? அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

பெல்ட்டை இறுக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. கத்தரி மடியில் இருந்தது. திரும்பவில்லை.

"நல்ல கத்தரி. இப்படித் துருப்பிடிக்க விட்டிருக்கியே."

"இடக்கைக் கத்தரி. எனக்கு எப்படிம்மா வெட்டும்?"

"அப்புறம் எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

அவள் மெஷின் அருகே போய் நின்றாள். அம்மா இன்னும் வேகமாகச் சக்கரத்தைச் சுற்றினாள்.

"நிக்காதே. மாப்பிள்ளைக்குத் தலையணை சரிஞ்சிருக்கு, போய்ப் பாரு."

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "அத்தை, யாருக்குன்னு சொன்னீங்க? காதுல சரியா விழலை!"

"கால்தானே அறுந்துச்சு?" என்றாள் அம்மா. "காதுமா?"