மதிப்பெண் இல்லாத கேள்வி

கம்பெனியின் பயிற்சி அதிகாரி மலர்வளையத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் குளிர்பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவனின் முகம் இருக்கும் இடத்தில் மட்டும் ஈரம் திரும்பத் திரும்பப் படிந்து மங்கியது. காலையிலிருந்து அவள் செய்துவந்த ஒரே வேலை அதுதான்.

அதிகாரிக்குச் சின்ன வயது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டார். பிறகு அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"ரொம்ப நல்ல மனுஷன். ஆன்லைன்ல நடக்கற பாதுகாப்புப் பயிற்சியில ஒவ்வொரு வருஷமும் முழு மார்க். எல்லாம் தெரிஞ்சவர்தான். ஒரு நிமிஷக் கவனக்குறைவு... என்ன பண்றது."

நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

'கவனக்குறைவு' என்ற அந்த வார்த்தை நேற்று மாலையே கிளம்பிவிட்டது. முதலில் தொலைபேசியில் மேற்பார்வையாளர் சொன்னார். மருத்துவமனையில் கம்பெனி ஆள் ஒருவர் சொன்னார். இன்று காலை அவளுடைய சொந்த அக்காவே அழுகைக்கு நடுவில், துக்கம் கேட்க வந்தவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் அவன் எப்படிச் செத்தான் என்பதற்கு அதுதான் பதில் என்று ஆகிவிடும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் மகளும் அதைத்தான் சொல்வாள்.

அவன் ஒரு சரக்குக் கிடங்கில், சரக்கைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டினான். லாரிகள் பின்பக்கமாக வந்து கிடங்கின் வாசலில் ஒட்டி நிற்கும். அவன் வண்டியோடு லாரிக்குள்ளேயே போய்ச் சரக்கை வைத்துவிட்டுத் திரும்புவான். அவன் உள்ளே இருக்கும்வரை லாரி ஓட்டுநருக்குச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பச்சை எரிந்தால்தான் லாரியை எடுக்கலாம். நேற்று மூன்றாம் வாசலில் அவன் பாதி ஏறியிருந்தபோது லாரி நகர்ந்தது. வாசலுக்கும் லாரிக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் அவன் வண்டி கவிழ்ந்தது, அவன் அதற்கு அடியில்.

பயிற்சியைப் பற்றி அவளுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் அதைத் தங்கள் போனிலேயே முடித்தாக வேண்டும். படம் காட்டிக் கேள்வி கேட்பார்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். அதையெல்லாம் அவன் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். கடைசியில் விடைகள் இல்லாமல் வெறும் கட்டத்தோடு ஒரு கேள்வி வரும். 'இந்தப் பாடத்தை உங்கள் வேலையிடத்தோடு பொருத்திச் சிந்தித்து எழுதுங்கள். இதில் சரி, தவறு இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.' கட்டத்தில் ஏதாவது விழுந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கிடங்கில் எல்லோரும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். புதிதாகச் சேர்பவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அந்தப் புள்ளியைத்தான்.

அவன் புள்ளி வைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்தபடி சொல்லிக்கொண்டே போவான், அவள் அடிப்பாள். அவன் கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தை அமுக்கும். அவளோ அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவள். ஒவ்வொரு தடவையும் 'ஐயா, வணக்கம்' என்றுதான் ஆரம்பிப்பான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு வரி எழுதினதில்லை. இந்தக் கட்டத்துக்கு மட்டும் பக்கம் பக்கமா வருது. யாருங்க இந்த ஐயா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மார்க் போடறதுக்கு மிஷின் போதும். மார்க் இல்லாம ஒரு கேள்வி கேக்கறாங்கன்னா, யாரோ ஒரு ஆள் உக்காந்து படிக்கறார்னுதானே அர்த்தம்" என்றான் அவன்.

கிடங்கில் அவனுக்குக் 'கட்டுரை' என்று பெயர் வைத்தார்கள். அங்கேயே வேலை பார்க்கும் அவன் தம்பிதான் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தவன். அவனும் புள்ளி வைப்பவன்தான்.

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"கடைசிக் கேள்விக்கு அவர் எழுதினதைப் படிச்சீங்களா?"

அதிகாரிக்குப் புரியவில்லை. மார்க் இல்லாத கேள்வி என்று அவள் விளக்கியதும் அவர் முகம் லேசாகத் தெளிந்தது. அது தொழிலாளர்கள் தங்களுக்குள் யோசித்துப் பார்ப்பதற்காக வைத்தது என்றார். மார்க் பயம் இல்லாமல் யோசித்தால் பாடம் மனதில் நிற்கும் என்றார். மீட்டிங்கில் வாதாடி அந்தக் கேள்வியைச் சேர்க்க வைத்ததே தான்தான் என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. "கட்டம் நிரம்பியிருக்கான்னு மட்டும் சிஸ்டம் பாக்கும். பதிலை நாங்க யாரும் படிக்கறதில்லைங்க."

படித்தோம் என்று அவர் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. யாரோ நாற்காலியை நகர்த்தி, சத்தம் வந்ததும் அப்படியே நிறுத்தினார்கள்.

"கேள்வியைக் கேட்டுட்டுக் காதைப் பொத்திக்கறதுக்கா வாதாடினீங்க?"

"அண்ணி, விடுங்க. இப்ப வேண்டாம்" என்றான் கதவோரம் நின்ற கொழுந்தன். அடுத்த வாரம் அவன் அந்தக் கிடங்குக்குள்தான் போயாக வேண்டும். அது அவளுக்கும் புரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஐயா, வணக்கம். மூன்றாம் வாசல் விளக்கு பழுது. எப்போதும் பச்சையாகவே எரிகிறது. நான் உள்ளே இருப்பது லாரிக்காரருக்குத் தெரியாது. தயவுசெய்து மாற்றித் தர வேண்டும்." அவள் குரல் அச்சகத்தில் பிழை பார்க்கும்போது வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. "இப்படித்தான் அடிச்சேன். அடுத்த வருஷமும் இதையே சொன்னார். கடைசித் தடவை, 'உங்களுக்கு வேலை அதிகம் இருக்கும், தெரியும்'னு ஒரு வரி சேக்கச் சொன்னார். அதையும் நான்தான் அடிச்சேன்."

அதிகாரி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொன்னார் சார்."

கொழுந்தனின் குரல். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் பக்கத்துலதான் இருந்தேன். 'கோர்ஸ்ல எழுதிட்டல்ல, அப்ப அது மேல போயிருக்கும்'னு சொல்லி அனுப்பிட்டார்." பிறகு தலையைத் தூக்கினான். "இன்னிக்குக் காலையிலயும் அது பச்சையாத்தான் எரியுதாம். வாசலைக்கூட மூடலை."

"'கவனக்குறைவு'ங்கற அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கோங்க. இங்கயே, எல்லாரும் இருக்கறப்பவே" என்றாள் அவள்.

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒன்று கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதற்குள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், எடுத்ததற்காக வெட்கப்பட்டவர்போல உடனே உள்ளே வைத்தார். மேலே கேட்டுவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும் என்று, அவளிடம் இல்லாமல் மலர்வளையத்திடம் சொல்லிவிட்டு வெளியேறினார். வாசலில் செருப்புகளுக்கு நடுவே தன் ஷூவைத் தேட அவருக்கு நேரமாயிற்று. ஒருவரும் நகர்ந்து வழிவிடவில்லை.

அவள் மறுபடி துணியை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கணவனின் தூரத்து மாமா ஒருவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்டார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு நிமிஷக் கவ..." என்று ஆரம்பித்தாள். நின்றாள். தங்கையின் முதுகைப் பார்த்தாள்.

"விளக்கு பழுதாம்" என்றாள். "எழுதிக் குடுத்திருக்கார். யாரும் படிக்கலை."

கண்ணாடியில் ஈரம் மறுபடி படர ஆரம்பித்தது. அவள் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமரர் ஊர்தி வந்தது. தெரு சரிவானது. பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். கிடங்கு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடலைத் தூக்கிக்கொண்டு வர, கொழுந்தன் கை காட்டி அவர்களை நிறுத்தினான். பக்கத்து வீட்டு மதில் வேலைக்காக அடுக்கியிருந்த செங்கல்லில் இரண்டை எடுத்துவந்து, குனிந்து, முன்சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினான். குதிகாலால் உதைத்துப் பார்த்தான்.

"ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருக்கேன் தம்பி" என்றார் ஓட்டுநர்.

அவன் கிடங்கு ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான். உடலை ஏற்றினார்கள். அவள் ஏறி உள்ளே உட்கார்ந்தாள், அருகில் மகள். கொழுந்தன் பின்கதவருகே வந்து உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்தான். பிறகு செங்கற்களை உருவி எடுத்து ஓரமாக வைத்தான்.

வண்டிக்கு முன்னால், ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகப் போய் நின்று, நில் என்பதுபோல் கையை உயர்த்தினான். வண்டி உறுமியது. அவன் கையை இறக்கவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார்.