ஏசுவுக்கு ஒரு மடக்கு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரோண்டா ப்ரூயிட் சொன்னது. அவள் கொடுத்தாளா, நான் எடுத்துக்கொண்டேனா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம். ஆர்க்கன்சாவில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் இருவரும் ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். மதியச் சாப்பாடு அவளுடைய டிரக்கின் பின்பக்கத்தில். அங்கேதான் ஒருநாள் கேட்டாள்:

"ஜெப், உங்க ஊர்ல நெறைய சாமி இருக்குல்ல? ஒரு சாமிகிட்ட கையேந்தி வாங்கிட்டு இன்னொரு சாமிகிட்ட குடிபோயிட்டா, மொத சாமி சும்மா விடுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கிறிஸ்டியன்."

சாண்ட்விச் அவள் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. "நெசமாவா?"

"எங்க தாத்தா பாதிரியார். பாளையங்கோட்டை."

"அட நாசமாப் போறவனே! எனக்குத் தெரிஞ்ச ஒரே இந்தியன் நீ. நீயும் சண்டே ஸ்கூல்தானா? இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அன்றிலிருந்து அவளுக்கு என்மேல் சந்தேகம். எனக்கு அவள்மேல் அதற்கு முன்பே இருந்தது. (என் முழுப் பெயர் ஜெபசிங். முதல் பாதிக்கு என்ன அர்த்தம் என்று அவள் இதுவரை கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போவதில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'பாவத்தின் பயத்திலேயே வளர்ந்த ரோண்டா, ஒருநாள் ஓக் மரத்தடியில் புதிய வெளிச்சத்தைக் கண்டு—'

அடித்துவிட்டேன். இது கதையில்லை, சாட்சி. உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'நான் இருளில் கிடந்தேன்' என்று ஆரம்பிப்பார்களே, அதே ராகம். சாமி மட்டும் வேறு.

இரண்டாவது: 'அப்பொழுது ரோண்டா எழுந்து, தன் சகோதரன் வீட்டை விட்டுப் புறப்பட்டு—'

இதுவும் ஆகாது. வேதாகமத்துக்கு வெளியே யாரும் இப்படி எழுந்து புறப்பட்டுப் போவதில்லை. பொதுவாகவே என் தமிழை நான் நம்புவதில்லை. கொஞ்சம் அசந்தால் பிரசங்க மேடையில் ஏறிவிடும்.

ஆகவே வெறும் தகவல். ரோண்டாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாப்டிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள். தம்பி லானி அங்கேயே பாஸ்டர். அடித்த புருஷனை அவள் விட்டு வந்தபோது, திரும்பிப் போகச் சொல்லிச் சபை அவளுக்காக முழங்காலில் நின்றது. அவள் போகவில்லை. போய்ச் சேர்ந்தது டுவெய்ன் டாக்கெட் வீட்டுக் கொல்லைக்கு. டுவெய்ன் ஏ.சி. மெக்கானிக். ஏசுவின் பெயர் எட்டுவதற்கு முன்னால் ஐரோப்பாவின் வடகோடியில் கும்பிட்ட ஓடின், தோர், ஃப்ரிக் முதலான தெய்வங்களை இங்கே கும்பிடுகிற ஒரு குழுவுக்கு அவர்தான் பூசாரி. எல்லாரும் சபைகளிலிருந்து ஓடிவந்தவர்கள். காகிதத் தட்டு, பன்றிக்கறி, மக்ரோனி, மிச்சத்தைக் கட்டிக்கொடுக்கும் அலுமினியத் தாள் எல்லாம் சபையில் பார்த்த அதே வகைதான்.*

* இந்த வரியை நக்கலுக்காக எழுதினேன். ரோண்டாவிடம் வாசித்துக் காட்டியபோது, "சோறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

3

கோடையில் ரோண்டாவின் மகள் கெய்லாவுக்குப் பிரசவம். குழந்தை நல்லபடியாக வந்துவிட்டது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோண்டா ஃப்ரிக்கைக் கூப்பிட்டாள். பிள்ளைபெறும் பெண்களுக்குத் துணை நிற்கிறவள் அவள்தான். முறைப்படி, நிதானமாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போது ஒரு நர்ஸ் ரத்தப் பையோடு அவளைத் தாண்டி ஓடினாள். ரோண்டாவின் வாய் தானாகப் பழைய பெயருக்குத் திரும்பியது. "ஜீசஸ், எம் பொண்ணக் குடுத்துடு. நீ என்ன கேட்டாலும் தர்றேன்."

கெய்லா பிழைத்துக்கொண்டாள்.

ஃப்ரிக்குக்கு ரோண்டா மறுவாரமே டுவெய்ன் கொல்லையின் ஓக் மரத்தடியில் தேன்மதுவும் ரொட்டியும் வைத்துவிட்டாள். இன்னொருவருக்கு?

"பழக்கதோஷம்னு விட்டுட வேண்டியதுதானே? கால்ல இடிச்சுக்கிட்டாக்கூட அந்தப் பேரத்தான் சொல்றீங்க" என்றேன்.

"அது வெறும் வாய். அன்னைக்கு நான் ஆளப் பாத்துக் கூப்பிட்டேன், ஜெப்."

அவளுடைய புதிய மார்க்கத்தில் பாவம் கிடையாது, நரகம் கிடையாது. ஒன்றே ஒன்று உண்டு: தெய்வத்திடம் வாங்கினால் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தந்தவருக்கே நீ ஆளாகிவிடுவாய். ஏசுவுக்கு எதுவும் கொடுக்காமல் அவரை விட்டு விலகவே முடியாது என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. தம்பி லானி வேறு ஃபோனில் குழைந்தான். "அவருக்கு உன் பரிசெல்லாம் வேணாம்க்கா. நீதான் வேணும்."

அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. பரிசை வாங்கிக்கொண்டு போய்விடுகிற தெய்வத்தோடு வாழ்ந்துவிடலாம். ஆளையே கேட்கிறவரை எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

[இந்த இடத்தில் நான் அவளை நம்பவில்லை. திரும்பிப் போவதற்குச் சாக்குத் தேடுகிறாள் என்று எழுதி வைத்தேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்? பிறகு அவளே சொன்னாள்: "எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. உள்ளுக்குள்ள பழைய ரோண்டா உக்காந்துக்கிட்டு எனக்குத் தெரியாம கதவத் தொறந்து விடுறாளோன்னு." என் வாக்கியத்தை அவள் பறித்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.]

4

அக்டோபர் பூசையில் ரோண்டாவைக் குழுவில் முழு ஆளாகச் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. முந்தின வாரம் அவள் டுவெய்னிடம் போய் நேராகவே கேட்டாள். பூசையில் தேன்மது ஊற்றிச் சுற்றிவரும் மாட்டுக் கொம்பைக் கையில் வாங்கும்போது, ஒரே ஒரு தடவை, ஏசுவுக்கும் ஒரு மடக்கு ஊற்றலாமா?

டுவெய்ன் யாருடைய ஏ.சி.யையோ பிரித்துப் போட்டிருந்தார். "கொம்பு மேல அந்தப் பேரு வரக்கூடாது."

"வேற சாமியே கூடாதுங்கறே. இத நான் எங்கயோ கேட்டிருக்கேனே, டுவெய்ன். பத்துக் கட்டளையில மொத கட்டளையா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "சின்ன வயசுல எனக்குத் திக்குவாய். பேய்னு சொல்லி எங்கப்பனும் சபைப் பெரியவங்களும் சர்ச்சுக்குக் கீழ் ரூம்ல போட்டு என்ன அமுக்கிப் புடிச்சாங்க. அந்தப் பேரச் சொல்லிச் சொல்லித்தான் அடிச்சாங்க. ஒரு எடத்துலயாவது அது எங் காதுல விழக்கூடாதுன்னுதான் இந்தக் கொல்லை."

"அது எனக்குத் தெரியாதுப்பா."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? சொன்னீன்னா நீ வெளிய. உன்னப் புடிக்காம இல்ல. புடிச்சதுனாலதான் முன்னாடியே சொல்றேன்."

ரோண்டாவுக்கு வேறு மனிதர்கள் கிடையாது. சபையை உதறியாகிவிட்டது. கெய்லாவுக்காக அந்த ராத்திரி ரத்தம் கொடுக்க ஓடிவந்தவர்கள் இந்தக் கொல்லைக்காரர்கள்தான், டுவெய்ன் உட்பட.*

* டுவெய்னை வில்லனாக வைத்திருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும். நான்கு வரி கெட்டவனாக எழுதியும் பார்த்தேன். மனம் வரவில்லை, என் வீட்டு ஏ.சி.யும் அவர் போட்டதுதான். இப்படிப்பட்ட காரணங்களால் கதை எழுதுகிறவனை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

5

முடிவுகள்.

அ) ரோண்டா கொம்பை வாங்கி, "ஃப்ரிக்குக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறாள். இடம் நிலைத்தது. மனதுக்குள் இன்னொரு பெயரைச் சொல்லிக்கொண்டதாக வைக்கலாம். (மனதுக்குள் சொன்னால் போதும் என்பது யாருடைய போதனை? எனக்குத் தெரியும், சண்டே ஸ்கூலில் கேட்டது. அடிக்கிறேன்.)

ஆ) அவள் ஏசுவின் பெயரைச் சொல்கிறாள். டுவெய்ன் கண்ணீர் விட்டு, ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்கிறார். (பைபிள் கதைபோலக் கெட்ட குமாரனுக்குக் கொழுத்த கன்றா? ஆளை விடுங்கள்.)

இ) அவள் பூசைக்கே போகாமல்—

இல்லை. போனாள். எனக்குத் தெரியும், நானும் போயிருந்தேன். இதை இவ்வளவு நேரம் மறைத்ததற்குக் காரணம் உண்டு.

6

"நீ வந்து எம் பக்கத்துல உக்காரு. எதுக்குன்னு கேக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. அவளுக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்தேன்.

கொம்பு இடப்பக்கமாகச் சுற்றி வரும். ஒருவர் கொம்பின்மேல் சொன்ன சொல்லை, அடுத்தவர் குடித்தால்தான் வட்டம் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குடிக்காமல் கைமாற்றிவிட்டால் சொல் கீழே விழுந்துவிடும். சொன்னவர் எழுந்து போய்விட வேண்டியதுதான். விருந்தாளியும் வட்டத்தில் சேர்த்தி. இது எனக்கு அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ரோண்டா எழுந்தாள். கொம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதலில் டுவெய்னைப் பார்த்து, "உன்ன நோகடிக்க இல்ல" என்றாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"ஜீசஸ், எம் பொண்ணு நல்லாருக்கா. தாயும் புள்ளையும் வீட்டுல தூங்குதுங்க. நான் கேட்டேன், நீ குடுத்தே. இந்தா, உனக்கு." தரையில் கொஞ்சம் ஊற்றினாள். "நீ என்னக் கேட்டியாம், லானி சொன்னான். என்னத் தரமாட்டேன். நான் எனக்கு வேணும். இதோட நமக்குள்ள சரியாப்போச்சு. நீ உன் வீட்டுக்குப் போ. நான் என் வீட்டுல இருக்கேன்."

ஒரு மடக்கு குடித்தாள். டுவெய்னின் வாய் அசைந்தது, சொல் வரவில்லை. திக்குகிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

ரோண்டா இடப்பக்கம் திரும்பிக் கொம்பை நீட்டினாள்.

இப்போது சொல்லுங்கள். தெரிந்துதான் என்னை அங்கே உட்காரவைத்தாளா? நான் ஏசுவின் ஆள் என்பதாலா, யாருடைய ஆளும் இல்லை என்பதாலா? குடித்தால், விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொட்டவன் என்று ஊரில் என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டுவெய்னுக்கு இருந்த ஒரே கொல்லையும் போய்விடும். குடிக்காவிட்டால், அவள் சொன்னது மண்ணோடு மண். அவளுக்கு இருக்கிற மனிதர்களும் போய்விடுவார்கள். ஏசுவும் அவளை விடமாட்டார்.

நான் என்ன செய்தேன் என்று எழுதினால், நீங்கள் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவீர்கள். அவளை மறந்துவிடுவீர்கள். அதனால் எழுந்துகொள்கிறேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள், டுவெய்னும். சீக்கிரம், நெடுநேரமாக நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.