பாலத்துக்கு முன்னால் சேவ் பண்ணாதீங்க

அண்ணி பகலில் தூங்குவாள். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து எட்டரைக்கு வந்து படுத்தால், மதியம் வரைக்கும் அந்த அறைக் கதவு திறக்காது. அந்த நேரம்தான் நாத்தனார்க்காரிக்கு வாய்த்த நேரம். சலவைக்கடையில் துணிகளுக்கு எண் அட்டை குத்தும் அவள் வேலை இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். அதுவரை கூடத்து டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேம் ஆடுவாள். ஆடுவதைத் தன் வீடியோ சேனலுக்குப் பதிவு செய்தபடி, அண்ணி விழித்துவிடாமல் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுப்பாள். அந்தக் குரலை ஏழு வருஷமாகக் கேட்டவர்கள், பேசுகிறவன் தொண்டை கட்டிய ஆண்பிள்ளை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ‘தொண்டைக்கட்டு அண்ணே’ என்று பெயரும் வைத்தார்கள். ‘அண்ணே, வெந்நீர் குடிங்க’ என்று வாரத்துக்கு ஒருவராவது எழுதுவார்.

அவள் மறுக்கவில்லை. வீட்டிலும் கடையிலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சேனலில் மட்டும் பதினோராயிரம் பேர் வழி கேட்டார்கள்.

அவள் இப்போது ஆடிய கேம் மூன்று வருஷம் இழுத்தடித்துவிட்டு வந்தது. வந்ததும் அரைவேக்காடு. குதிரை ஆகாயத்தில் நடந்தது. கடைக்காரனுக்குத் தலை இல்லை, விலை மட்டும் சரியாகச் சொன்னான். அதையெல்லாம் சிரித்துத் தொலைக்கலாம். இரண்டாவது ஊருக்குப் போகும் பாலத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. பாலத்துக்கு முன்னால் சேவ் செய்தால் அதுவரை ஆடியது மொத்தமும் அழிந்தது. அவளுக்கு நாற்பத்து மூன்று மணி நேரம் போயிற்று.

மறுநாள் முதலிலிருந்து தொடங்கினாள். காரணம் தெரிய வேண்டும் என்று நாலு தடவை வேண்டுமென்றே தொலைத்தாள். கடைசியில் பிடித்துவிட்டாள். பாலம் நெருங்கும்போது பின்னணி இசை ஒரே ஒரு தடவை திக்கும். திக்கினால் உடனே திரும்பி ஓடிவிட வேண்டும், சேவ் பட்டனைத் தொடவே கூடாது.

அந்தத் திக்கலைக் கேட்க வைக்காமல் எப்படிச் சொல்வது? அவள் சேனல் மேல் ஏற்கெனவே இரண்டு காப்புரிமைப் புகார்கள் இருந்தன, இரண்டுமே கேமின் பாட்டுக்காக. அதற்குப் பிறகு இசையை அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்துவந்தாள். இந்த ஒரு தடவை பதினோரு விநாடி இசையை விட்டுவைத்தாள். மூன்றாவது புகார் வந்தால் சேனலே போகும் என்று தெரிந்தேதான் விட்டாள்.

திங்கட்கிழமை வீடியோ போட்டாள். ‘லீவு போட்டு ஆடினது அண்ணே, நூலிழையில தப்பிச்சேன்’ என்று ஒருவர் எழுதினார். அவரைப்போல் இருநூறு பேர். வெள்ளிக்கிழமை கேம் கம்பெனியின் மூன்றாவது புகார் வந்தது. வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். ஏழு நாளில் சேனலையும் அதிலிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்களையும் மூடிவிடுவோம் என்று அறிவிப்பு சொன்னது. மறுக்க விரும்பினால் கணக்கு வைத்திருப்பவர் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து தரவேண்டும். அவை கம்பெனிக்கு அனுப்பப்படும்.

கணக்கு அண்ணன் பெயரில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் கிரீஸைப் பழைய பல்துலக்கியால் நகத்திலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னடி பூனை, சத்தமே இல்லாம வந்து நிக்கற? ஒருநாள் இல்ல ஒருநாள் நெஞ்சு அடைச்சுப் போயிடப் போறேன்.”

போனை நீட்டினாள். அவன் நிதானமாகப் படித்தான்.

“இதுல என் பேரு எதுக்கு வந்துச்சு?”

“உன் கார்டு வெச்சுதான் ஆரம்பிச்சேன். அப்ப எனக்கு வயசு பத்தல.”

“பதினோராயிரம் பேரா? நம்ம பில்டிங் மீட்டிங்குக்கே ஆறு பேர்தான் வர்றான், அதுல ரெண்டு பேர் சண்டை போட வர்றவன். என்னடி பேசுவ அவ்ளோ பேர்கிட்ட? என்கிட்ட சேர்ந்தாப்ல நாலு வார்த்தை வராது.”

“எங்க விழுவோம்னு சொல்லுவேன்.”

அவன் சிரித்தான். மறுபடி படித்ததும் சிரிப்பு நின்றது. “ஏன்டி, ஓட்டைக் கேமை வித்தது அவன். ஓட்டைன்னு போர்டு மாட்டினது நீ. உன்மேல புகாரா? தரை இல்லாத லிஃப்டை நான் திறந்து விட்டா சும்மா விடுவாங்களா? எங்க கையெழுத்து போடணும், காட்டு.”

அவள் இடத்தைக் காட்டினாள்.

“போடாதீங்க.” அண்ணி முடியை அள்ளி முடிந்துகொண்டே அறை வாசலில் நின்றாள். “வக்கீல் என்ன சொன்னாரு? எந்தப் பேப்பர்லயும் இப்ப கை வைக்காதீங்கன்னு சொன்னாரா இல்லியா?”

அண்ணனின் கை நின்றது. இரண்டு மாதம் முன்பு ஒரு கட்டடத்து லிஃப்டில் ‘பழுது’ என்று அவன் மாட்டிய அட்டையை யாரோ கழற்றிவிட்டார்கள். உள்ளே கால் வைத்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அட்டை மாட்டியதற்கு என்ன சாட்சி என்று அவனைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவனுங்க பெரிய கம்பெனிடி,” என்றான் தரையைப் பார்த்து. “பதிலுக்கு ஒரு நோட்டீஸ் விட்டான்னா, ரெண்டு எடத்துல என் பேரு நாறும். விசாரணை முடியட்டும், நானே போட்டுத் தர்றேன்.”

“எப்ப முடியும்?”

“அடுத்த மாசம் இருபது.”

“எனக்கு வெள்ளிக்கிழமை.”

அவன் மறுபடி நகத்தைச் சுரண்டினான், அங்கே கிரீஸே இல்லை.

“சரிண்ணா,” என்றாள்.

அண்ணி பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். “கோவமா? பகல்ல நீ முணுமுணுன்னு பேசறது எனக்குக் கேக்கும். அது கேட்டாத்தான் தூக்கமே வரும். ஆனா அவருக்கு வேலை போச்சுன்னா…”

“தெரியும் அண்ணி. கோவம் இல்ல.” உண்மையாகவே இல்லை. கோபத்தை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சேனலிலிருந்து எதையும் இறக்க விடவில்லை, அதனால் மிச்ச நாளில் வீடியோக்களின் நகலைத் தேடிப் பழைய லேப்டாப்பைக் குடைந்தாள். இடம் போதவில்லை என்று அவ்வப்போது அழித்துவந்ததில் பத்தொன்பது வீடியோக்கள்தான் மிஞ்சியிருந்தன. அதில் பாதி ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு, அட்டை குத்திக்கொண்டே போனைப் பார்த்தாள். சேனல் பக்கம் வெறுமையாக இருந்தது. போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். சாயங்காலம் முதலாளி இரண்டு சட்டைகளைத் தூக்கிப் பிடித்து, “என்னம்மா, ரெண்டுக்கும் ஒரே நம்பர்? யாரோட சட்டையை யாருக்குப் போட்டு அனுப்ப?” என்றார். அவள் வாங்கி அட்டையை மாற்றினாள்.

அடுத்த வாரம் அவளுடைய வீடியோ வேறொரு சேனலில் இருந்தது. படம் அவளுடையது. கிசுகிசுப்பை எடுத்துவிட்டு ஒருவன் தொண்டை கிழியக் கத்தியிருந்தான். புகார் வராமலிருக்க இசையை வெட்டிவிட்டு டமடமவென்று மேளத்தைப் போட்டிருந்தான். திக்கல் கேட்கவே இல்லை.

‘எங்க திக்குது? ஒண்ணுமே கேக்கல’ என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், ‘மெதுவா பேசுவாரே ஒரு அண்ணே, அவர் எங்க போனாரு?’ என்றார். ‘யாரது?’ என்று அதற்குப் பதில்.

பாலத்துக்கு முன்னால் எந்த மரத்தருகே இசை திக்கும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று கிடுகிடுவென்று தட்டினாள். அனுப்பும்போது, இந்தக் கணக்கு மூடப்பட்டது, இதே வீட்டிலிருந்து புதிது தொடங்கினாலும் மூடப்படும் என்று வந்தது.

தட்டிய எழுத்துகள் கொஞ்ச நேரம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. அதற்குள் கீழே புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது: ‘இதைப் பார்த்துட்டுத்தான் சேவ் பண்ணேன். எல்லாம் போச்சு.’

அதற்கும் கீழே அதேபோல் இன்னொன்று வந்தது. ஒன்றரை ஆகிவிட்டது. அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.