ரோஸ் சுவரில் ஒரு சாண் பச்சை

விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சை வருஷக்கணக்காக நெஞ்சில் போட்டு வைத்துக்கொள்ள ஒரு தனி அழுத்தம் வேண்டும். குட்டை என்று எல்லாரும் கூப்பிடும் அவளுக்கு அது ஏராளமாக இருந்தது.

அவள் புருஷன் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் புறப்பட்ட அன்று, பெட்டியை அமுக்கிக்கொண்டே படுக்கையறைச் சுவரை ஏற இறங்கப் பார்த்தான். பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம் அது. ஈரம் ஏறி அங்கங்கே பொரிந்திருந்தது.

"ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு. இந்த ரூம் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருந்திருந்தா எவன் விட்டுட்டுப் போவான்?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பெட்டி மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. "ஏறி உட்காரு" என்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள், பெட்டி மூடிக்கொண்டது. அவனை அனுப்பி வைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அவள் இன்றுவரை தன்னைத்தானே திட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

அவன் நெட்டை, இவள் குட்டை. சொந்தபந்தத்தில் யாருக்கும் இவர்களுடைய நிஜப் பெயர் சட்டென்று ஞாபகம் வராது. ஜன்னல் திரையை அவன் நின்ற வாக்கில் மாட்டுவான். அவளுக்கு முக்காலி வேண்டும். திரைச்சீலை தைப்பதுதான் அவள் பிழைப்பு என்பதால், ஊரில் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் முக்காலியைத் தூக்கிக்கொண்டே அலைந்தாள்.

அப்படி ஒரு வீட்டுக்குத் திரை மாட்டப் போனபோதுதான் அந்த நிறத்தைப் பார்த்தாள். ரோஸ் என்றால் கண்ணைக் குத்துகிற ரோஸ் இல்லை. வெந்நீரில் குளித்துவிட்டு வந்த கன்னத்தில் தெரியுமே, அந்த மாதிரி லேசான, சூடான ஒரு ரோஸ். பகல் வெயில் சுவரில் பட்டுத் திரும்பி அறை முழுக்க நின்றது. நோயில் படுத்து எழுந்த அந்த வீட்டுக்காரம்மா அந்த அறையில் நடமாடும்போது புதுப்பெண்ணாகத் தெரிந்தாள். வாசலுக்கு வந்து காசைக் கொடுத்தபோது பழையபடி வெளிறிப்போயிருந்தாள். குட்டை இதைக் கவனித்தாள், ஆனால் அப்போது அதில் அவள் மனம் நிற்கவில்லை. இப்படி ஓர் அறை தனக்கிருந்தால் அவன் போயிருப்பானா என்றுதான் ஏங்கினாள். திரை வளையங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

நெட்டையின் ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. திரும்பி வருவதா, கையெழுத்துப் போட்டு இன்னும் சில வருஷம் இருப்பதா என்று அவன் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

"என்ன செய்யட்டும் சொல்லு" என்று போனில் கேட்டான்.

"உங்க இஷ்டம்" என்றாள் குட்டை.

பெண்டாட்டிமார் சொல்லும் பொய்களில் இதற்கு மிஞ்சியது கிடையாது. வா என்று கூப்பிட்டு, அவன் வராமல் போய்விட்டால்? அந்த அவமானத்துக்கு அவள் தயாராக இல்லை. வாய் கூப்பிடாததைச் சுவர் கூப்பிடட்டும் என்று முடிவு கட்டினாள்.

ஒரு துண்டு ரோஸ் துணியோடு பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளை ரூமுக்காம்மா?"

"இல்லைங்க. என் வீட்டுக்காரருக்கு."

கடைக்காரர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கலக்கிக் கொடுத்தார். பிள்ளை இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்கு வெறும் கேள்வியாகவே போயிருக்கும். வழியெல்லாம் டப்பா கனத்தது.

ஆள் வைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்ததில் தலைமுடி நரைத்த மாதிரி ஆயிற்று. பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, ரோலரில் ரோஸை எடுத்து முதல் இழுப்பு இழுத்தாள். ஈரத்தில் நிறம் மிட்டாய் மாதிரி பல்லைக் காட்டியது.

பக்கத்துப் போர்ஷனிலிருந்து நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். நெட்டையின் அக்கா அவள். கேலி பேசாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"என்னடி இது, ஐஸ்கிரீம் கடை வைக்கப் போறியா?"

"காயட்டும் அண்ணி. காய்ஞ்சா அடங்கிடும்."

"யாரு, நீயா?"

காய்ந்ததும் அடங்கத்தான் செய்தது. இரண்டாவது கோட்டும் காய்ந்த பிறகு அறை வேறு அறையாகிவிட்டது. ஒரே ஒரு குறை. ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு சாண் இடத்தில் பழைய பச்சை அப்படியே நின்றது. முக்காலி மேல் நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. நாத்தனாரிடம் ஏணி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மிச்சப் பெயிண்டை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் வந்தான். அவன் எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் பேசுவான். பின்னால் பளிச்சென்று நீலச் சுவர், பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. அதைப் பார்த்துத்தான் நாத்தனார், "என் தம்பி அங்க ராஜாவாட்டம் இருக்கான்" என்று எல்லாரிடமும் சொல்லி வந்தாள்.

குட்டை போனைச் சுற்றிச் சுற்றி அறையைக் காட்டினாள். ஜன்னல் பக்கம் வந்தபோது மட்டும் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள். அவன் திரைக்கு அருகே குனிந்து பார்த்தான். இதோ சொல்லப் போகிறான், வந்துடறேன் என்று சொல்லப் போகிறான்.

"உன் முகத்தைக் காட்டு" என்றான். காட்டினாள்.

"அடேயப்பா! ஆளே மாறிட்டே. போன வாரம் வரைக்கும் உன்னைப் பார்த்தா எனக்கு வயித்தைப் பிசையும், தெரியுமா? காய்ஞ்சு கருவாடா இருந்தே. இப்ப எவ்வளவு தெளிவா இருக்கே! வீட்டையும் ஜோரா வெச்சிருக்கே." அவன் பெருமூச்சு விட்டான். "நான் இல்லேன்னாலும் நீ நல்லாத்தான் இருக்கே. நாளைக்குக் கையெழுத்தைப் போட்டுடறேன். என்ன சொல்றே?"

"உங்க இஷ்டம்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

போன் அணைந்தது. அவள் கண்ணாடி முன் போய் நின்றாள். கன்னத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி ஒரு ரோஸ். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் காணோம். வாசலுக்கு வந்ததும் வெளிறிப்போன அந்த வீட்டுக்காரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. பாடுபட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு அடித்து, அவனை அங்கேயே இருத்தி வைக்கிற வேலையைத்தான் செய்து முடித்திருக்கிறாள். அன்றைக்குப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தவள் இன்றைக்கும் அதையேதான் செய்திருக்கிறாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுது முடித்து முகத்தைக்கூடக் கழுவவில்லை. தையல் மிஷின் இருக்கும் முன்னறைக்கு நடந்தாள். அங்கே இன்னும் பழைய பச்சைதான். டியூப் லைட்டைப் போட்டு, அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சு?" அதே நீலச் சுவருக்கு முன்னால் அவன் பதறிப்போனான். "இப்பதானே நல்லா இருந்தே! உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. இதுதான் என் முகம். முன்னாடி பார்த்தீங்களே, அது சுவரோட முகம்."

அவள் போனை இன்னும் பக்கத்தில் பிடித்தாள்.

"எனக்கு உங்க இஷ்டம் இல்லைங்க. என் இஷ்டம்னு ஒண்ணு இருக்கு. நீங்க வந்துடுங்க. வராட்டி போங்க, எனக்கு அவமானம்தான், பரவாயில்லை. கூப்பிடலேன்னு மட்டும் நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது."

அத்தனை வருஷமாக அடைத்துக் கிடந்தது வெளியே வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் எங்கோ பக்கவாட்டில் பார்த்தான்.

"கொஞ்சம் இரு" என்று எழுந்தான்.

படம் ஆடியது. ஒரு நீளமான நடை, மாடிப்படி, செருப்புகள் குவிந்த ஒரு வாசல். பிறகு ஓர் அறை. ஒன்றன் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், கயிற்றில் யார் யாருடையவோ ஈரச் சட்டைகள். கீழ்க்கட்டிலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். மேல் கட்டில் இடிக்காமல் இருக்கத் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் பூச்சே இல்லாத செங்கல் தெரிந்தது.

"அந்த நீலச் சுவரு?"

"ஆபீஸ் வாசல். ஞாயித்துக்கிழமை ஆள் இருக்காது. நீ கவலைப்படுவேன்னு அங்க உக்காந்து பேசுவேன்."

அவ்வளவு நெட்டையானவன் காலை மடக்கிக்கொண்டு தூங்கிய இரவுகளை நினைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. தொட வேண்டும் போல் இருந்தது. தொட என்ன இருக்கிறது, போன் கண்ணாடிதான். அதையே விரலால் தடவினாள்.

"அழாதே" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை. பிறகு, சம்பந்தமே இல்லாமல், "அந்தப் பெயிண்ட் மிச்சம் இருக்கா?" என்று கேட்டான்.

"கால் டப்பா இருக்கு. ஏன்?"

"ஜன்னலுக்கு மேல ஒரு சாண் விட்டு வெச்சிருக்கியே, குட்டை. நீ வேகமாத் திருப்பினா எனக்குத் தெரியாதா? யாரையும் கூப்பிட்டு அடிச்சிடாதே. நான் வந்து அடிக்கிறேன். மூடியை நல்லா இறுக்கி மூடி வை, காய்ஞ்சிடப் போகுது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எவ்வளவு இறுக்கினாலும் ரொம்ப நாள் தாங்காதாம், கடைக்காரர் சொன்னாரு. காயறதுக்குள்ள வந்துடுங்க."

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்து, மூடி மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள். அழுத்தமாக மூடிக்கொண்டது.