பின்சுவரின் சூடு

மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டமே அவருக்குப் பெயராக வந்தது தகரக் கூரை போடும் தொழிலால்தான். கல்யாண வீட்டில் பந்தி மேசை சாய்ந்திருந்தாலும் கண் உறுத்தும், காகிதம் மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கை நனைப்பார். கம்பி வெட்டுவது, பற்றவைப்பது, தகரம் போடுவது எல்லாம் தனியாளாகவே செய்வார்.

தையல்காரம்மா வீட்டில் சமையலறைக்குப் பின்னால் சுவரை ஒட்டித் தகரச் சாய்ப்பு இறக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். இரண்டு நாளாக மழை, வானம் இன்னும் மூட்டமாகவே இருந்தது. சுவரின் அடியில் குறி போடக் குந்தி ஒரு கையை ஊன்றியவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். சுவர் சுட்டது.

மறுபடி தொட்டுப் பார்த்தார். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை, ஓர் ஆள் முதுகு அகலத்துக்கு மட்டும் வெதுவெதுப்பு. சுற்றிலும் ஈரச் சில்லிப்பு. அந்தப் பக்கம் அடுப்பு இருக்கும் என்று எட்டிப் பார்த்தார். அடுப்பு எதிர்மூலையில் இருந்தது.

நமக்கென்ன என்று வேலையைப் பார்த்தார். சுவரில் துளை போட்டு இரும்புச் சட்டத்தை முடுக்கினார். தூண்களுக்குக் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டார். மழைத்தண்ணீர் வடிய அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வைத்துக் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த வெதுவெதுப்பு மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. ஆள் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவோமே, அப்படி. பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்தார்.

கை கழுவத் தண்ணீர் கேட்கும் சாக்கில் உள்ளே போனார்.

"ஏம்மா, அந்தச் சுவர் பக்கம் யாராவது உக்காருவாங்களா?"

தையல் இயந்திரம் நின்றது. அந்தம்மா துணியை எடுக்காமலே பேசினாள்.

"எங்க மாமனார். காலைல டீ குடிச்சிட்டு வெயில் காய உக்காருவாரு. போன வருஷம் ஒரு நாள், தூங்குறார்னு விட்டுட்டேன். அவசரத் துணி, தலை நிமிர நேரமில்ல. நாலு மணிக்குப் போய்க் கூப்பிட்டேன். வெயில்லயே இருந்ததால உடம்பு சூடா இருந்துச்சுண்ணே. அதனால ரொம்ப நேரம் எழுப்பிட்டே இருந்தேன்."

"வீட்டுக்காரர்?"

"பஸ் ஓட்டப் போயிருந்தாரு. பேசிட்டே இருந்தார், பொசுக்குன்னு போயிட்டார்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

ரசமட்டம் கை கழுவிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மறுநாளே தகரம் போட்டு முடித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அந்தம்மா போன் செய்தாள். ஒழுகுகிறதா என்று கேட்டார். "ஒழுகல. நேர்ல வாங்கண்ணே" என்றாள்.

சமையலறைக்குள் கூட்டிப்போய் அவர் கையைப் பிடிக்காத குறையாகச் சுவரைக் காட்டினாள். அதே உயரம், அதே அகலம். இப்போது உள்பக்கம் சுட்டது. வெளியே தொட்டுப் பார்த்தார், ஐஸ் மாதிரி இருந்தது.

"வெயில மறைச்சதும் உள்ள வந்துட்டாரு" என்றாள். குரல் அடங்கிப் போயிருந்தது. "எங்க வீட்டுக்காரர் இங்க சாஞ்சுதான் சாப்பிடுறாரு. இதமா இருக்குங்கிறாரு. எனக்கு ஈரக்குலை நடுங்குது. எதாவது பண்ணுங்க."

என்ன பண்ணுவது? அவருக்குத் தெரிந்தது கூரை ஒன்றுதான். நடுத் தகரத்தைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் இறங்கும் கண்ணாடித் தகடு ஒன்றைப் பொருத்தினார். வெயில் சுவரின் அடிவரை விழுந்தது. அந்தம்மா உள்ளே கையை வைத்துக்கொண்டே நின்றாள். அரை மணி நேரத்தில், "போயிடுச்சு" என்றாள்.

அவர் ஓரத் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரரான டிரைவர் வேலை முடிந்து வந்தார். தட்டோடு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தவர் உடனே எழுந்துவிட்டார். சுவரைத் தடவினார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பின்பக்கம் வந்து, சாய்ப்புக்கு அடியில், சரியாக அந்த இடத்தில் முதுகைச் சாய்த்தார். தேட வேண்டியிருக்கவில்லை.

ஏணிமேல் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவதான் மாத்தச் சொன்னாளா?"

ரசமட்டம் முடுக்கிய திருகையே மறுபடி முடுக்கினார்.

"அன்னிக்கு வந்த கையோட அப்பா உடம்ப நான்தாண்ணே குளிப்பாட்டினேன். எப்பவோ வெறைச்சுப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியாதா?" ஒரு கவளம் உருட்டினார். "அவ சொன்னத அப்படியே வெச்சிருக்கேன். எனக்குத் தெரியும்னு நீங்களும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

உள்ளே தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. டிரைவர் சாப்பிட்டார். நடுநடுவே தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பவர்போல, "ம்" என்றார்.

ரசமட்டம் அந்தப் பக்கம் பார்க்காமலே ஏணியிலிருந்து இறங்கினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து இரண்டு வேலைகள் வந்தன. இரண்டையும் வேறு ஆளுக்குக் கைகாட்டிவிட்டார்.