கீழ் அறை

சோலைமலை மகளை முதுகில் சுமந்துகொண்டு மாடிப் படிகளில் பாய்ந்தார். பரீட்சை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டால் பூரணிக்கு ஒரு வருடம் போச்சு.

நோர்வூட்டில் பஸ் ஏறும்போதே அவள் காலில் கட்டும் இரும்புச் சட்டத்தின் தோல் வார் அறுந்துவிட்டது. இளம்பிள்ளை வாதம் தின்ற கால். சட்டம் இல்லாமல் நிற்காது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலோ வகுப்பு, பரீட்சை எல்லாமே மாடியில்.

"கொழுந்து மூட்ட சொமந்த முதுகும்மா இது, பயப்படாத."

"மூட்ட வாய் பேசாதுல்லப்பா. நான் பேசுவேன்."

பேசினாள். ஒரு வருடமாகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் மூச்சு விடாததையெல்லாம் அந்தப் படிகளில் கொட்டினாள். எல்லோரும் போனபிறகு உட்கார்ந்தபடியே படிப்படியாக நகர்ந்து ஏறியது, மழை நாளில் உருண்டு விழுந்தது, கக்கூஸ் கீழே இருப்பதால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தது.

சோலைமலைக்கு மூச்சு வாங்கியது. ஏறியதால் மட்டுமல்ல.

"ஏம்மா, நீ வாய்விட்டுக் கேக்கலையா?"

"நீங்கதானப்பா கேக்காதன்னீங்க."

சொன்னவர்தான். யார் என்ன கேட்டாலும் ஒரு குறையும் இல்லை என்று சொல் என்று முதல் நாள் பஸ்ஸிலேயே படித்துப் படித்துச் சொன்னார். விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கால் வலிக்கிறது என்று வாய் திறந்தவனுக்கு அன்று வேலை கிடையாது. காலமெல்லாம் பெரட்டில் நின்றவருக்குத் தெரிந்த புத்தி அதுதான்.

கதவு பாதி சாத்தியிருந்தது. கல்லூரி அதிபர் றோலண்ட் இவர்களைக் கண்டதும் அதை அகலத் திறந்து பிடித்தார். பூரணி முதுகிலிருந்து இறங்கி, நிலையைப் பற்றிக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை.

"சேர், கீழ எனக்கு ஒரு மேச போட்டிருக்கலாமே. ஒரு வருசமா ஒங்களுக்குத் தோணவே இல்லயா?"

அதிபர் அவளுக்குப் பின்னால் நின்ற சோலைமலையைப் பார்த்தார். சோலைமலை கையிலிருந்த அறுந்த வாரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். சொல்லிவிடாதீங்க என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"தோணுச்சும்மா," என்றார் அதிபர் மெதுவாக. "நீ சேந்த அன்னைக்கே ஒங்க வகுப்புக்குக் கீழ் ரூம ஒதுக்கி வச்சேன். நீ வெளிய வெராந்தாவுல நின்ன. ஒங்கப்பாதான், எம் மகளுக்கு ஒரு கொறையும் இல்லங்க, மாடியிலயே போடுங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு."