அண்ணன்மேல் ஒரு வழக்கு

என் அப்பாவின்மேல் வழக்குப் போடச் சொன்னது என் அப்பாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருமனைப் பக்கம் இன்றைக்கு யாரிடம் கேட்டாலும், குளோரி சொந்த அண்ணனைக் கோர்ட்டில் ஏற்றி நாறடித்தாள் என்பார்கள். இல்லையென்றால், விதவைத் தங்கச்சியின் நிலத்தை அண்ணன்காரன் தின்னப் பார்த்தான் என்பார்கள். இரண்டும் பொய். இதைப் பரப்பியவர்கள் ஞாயிறுதோறும் எங்களுக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாட்டுப் பாடுகிறவர்கள்.

அப்பா பெயர் செல்வதாஸ். குளோரி மாமி அவருக்கு ஒரே தங்கை. மாமிக்கு நிச்சயம் செய்த அன்று, தாத்தா போதகர் முன்னால் எழுந்து நின்று, "ரோட்டடி நெலம் எனக்க மவளுக்கு" என்று சொன்னாராம். அவ்வளவுதான் பத்திரம். எங்கள் சபையில் அந்தக் காலத்துச் சீதன நிலம் பாதிக்குமேல் இப்படி வாயால் கொடுத்ததுதான். போதகர் முன்னால் சொன்ன பிறகும் முத்திரைத்தாள் கேட்டால், சொன்னவர் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அதனால் யாரும் கேட்கவில்லை. மாமி அந்த நிலத்தில் ஓட்டு வீடு கட்டினாள், ரப்பர் வைத்தாள், ஷைஜாவைப் பெற்றாள், புருஷனைப் பறிகொடுத்தாள். நிலம் தன் பெயரில் இல்லை என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஒழுகுகிற வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஷைஜா வங்கிக் கடன் கேட்டபோதுதான் தெரிந்தது. பட்டா அப்பா பெயரில் இருந்தது. எந்தக் காலத்திலோ அளக்க வந்தவன் யாரிடமோ கேட்டிருப்பான், யாரோ செல்வதாஸ் வீட்டு நிலம் என்று சொல்லியிருப்பார்கள். அப்பா விஷயம் கேட்டுச் சிரித்தார். உடனே எழுதிக் கொடுக்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனார். முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். உங்கள் பெயரில் பட்டா இருக்கிறது, ஆனால் மூலப்பத்திரம் இல்லை, பிறகு எதை வைத்து எழுதிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே நாகர்கோவிலில் நில ஆவணங்களுக்கான சிறப்புத் தீர்ப்பாயம் வந்திருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், தகராறு இருந்தால்தான் மனு வாங்குவோம் என்றார்கள். அண்ணனும் தங்கையும் ஒற்றுமையாக இருந்தால் அரசாங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் அப்பா மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏட்டி குளோரி, நீ எனக்க மேல கேசு போடு. நான் வந்து நெலம் உனக்குள்ளதுன்னு சொல்லுதேன். சோலி முடிஞ்சு."

"அண்ணன் மேலயா? எனக்க கை வெளங்காம போவும்."

"பேப்பர்லதானே போடுத. எனக்க தலையிலயா போடுத?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். மாமி அவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அண்ணனுக்கு இதில் சம்மதம் என்பதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு டைப் செய்த தாள்களை நீட்டினார், மாமி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். தினமும் இரண்டு அதிகாரம் வேதம் வாசிக்கிறவள், எழுத்துக் கூட்டத் தெரியாதவள் இல்லை. ஏன் வாசிக்கவில்லை என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, "எனக்க அண்ணனப் பத்தி எழுதினத நான் எதுக்கு மக்கா வாசிச்சுப் பாக்கணும்?" என்றாள். அப்பாவும் அப்படித்தான். தீர்ப்பாயத்திலிருந்து மனுவின் நகல் தபாலில் வந்தது, கவரைப் பிரிக்காமலே அலமாரிமேல் வைத்துவிட்டார். தங்கச்சி எழுதினதை வாசிப்பது அவளைச் சந்தேகப்படுவது என்பது அவர் கணக்கு. படித்த குடும்பம்தான். ஆனால் நம்பிக்கை என்று வந்தால் எங்களைவிட மடையர்களை நான் பார்த்ததில்லை.

விசாரணை நாளில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். மாமி மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி வைத்து, தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். தீர்ப்பாய வராந்தாவில் வாதியும் பிரதிவாதியும் ஒரே வாழையிலையில் சாப்பிட்டார்கள். உள்ளே போனதும் சேவகர், மனுதாரர் இந்தப் பக்கம், எதிர்மனுதாரர் அந்தப் பக்கம் என்று பிரித்தார். எதிரே நின்ற அப்பாவைப் பார்த்து மாமி வாயைப் பொத்திச் சிரித்தாள். பின்வரிசையில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் தங்கையன் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றைக்கு ஏதோ வழக்கு. ரோட்டடி நிலத்தை எப்படியாவது விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று வெகுகாலமாக அவருக்கு ஒரு கண் உண்டு. எங்கள் சபைக்காரர்தான்.

குமாஸ்தா மனுவை வாசித்தார். எதிர்மனுதாரர், உடன்பிறந்தவள் என்றும் கைம்பெண் என்றும் பாராமல், மோசடியாகப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நிலத்தை அபகரிக்கும் தீய நோக்கத்துடன் மனுதாரரைப் பலமுறை அடியாட்களுடன் வந்து மிரட்டினார். எனவே எதிர்மனுதாரர் மேற்படி சொத்தில் ஒருபோதும் காலடி வைக்காதபடி நிரந்தரத் தடை வேண்டும்.

"அய்யோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல!" என்று மாமி அலறினாள். வக்கீல் அவள் கையைப் பிடித்து அமுக்கினார். "எல்லா மனுவிலயும் இப்படித்தாம்மா எழுதுவோம். இப்ப வாய் தொறந்தா மனு தள்ளுபடி ஆயிரும். திரும்பவும் முதல்லேர்ந்து வரணும். பேங்க்காரன் அதுவரை காத்திருப்பானா?"

தீர்ப்பாய அதிகாரி கெட்டவர் இல்லை. மேசைமேல் அன்றைய கட்டுகள் மலைபோல இருந்தன. தலையை நிமிர்த்தி அப்பாவைக் கேட்டார்: "மனுவில் சொல்லியிருப்பதை ஒத்துக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?"

"நெலம் அவளுக்குள்ளதுதான் சார்."

"அதைக் கேட்கவில்லை. மனுவை ஒத்துக்கொள்கிறீர்களா?"

"நெலம் அவளுக்கு. மத்ததெல்லாம்... அப்படி ஒண்ணும் நடக்கல்ல சார்."

"அப்படியென்றால் மறுக்கிறீர்கள். சாட்சி விசாரணைக்கு வைக்கிறேன். அது முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று நான் சொல்ல முடியாது."

அப்பா மாமியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வாழ்நாளில் அடுத்தவன் தோட்டத்து நெத்துத் தேங்காயைக்கூடக் குனிந்து எடுக்காத மனிதர் அவர். சபைக் கமிட்டியில் ஒரு தகராறு என்றால், செல்வதாஸ் சொன்னால் சரி என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு பெயரைத் தவிர அவர் பெரிதாக எதையும் சம்பாதிக்கவில்லை.

"ஒத்துக்கிடுதேன் சார்," என்றார்.

"முழுவதையுமா?"

"முழுசும்."

எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருந்தால் அவர் செய்தது வீணாகியிருக்கும்.

உத்தரவு மாமிக்குச் சாதகமாக வந்தது, அப்பா அந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்ற தடையும் சேர்த்து. வெளியே வந்ததும் வக்கீல் சந்தோஷமாகக் கைகொடுத்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனி ரெண்டு பேரும் போக்குவரத்து வச்சுக்கிடாதிய. ஒத்துப் பேசிப் போட்ட கேசுன்னு எவனாவது ஒரு மனு குடுத்தா உத்தரவு நிக்காது. பட்டாவும் போவும், அதை நம்பி வாங்கின லோணும் போவும்." அப்பா ஒவ்வொரு சொல்லாக மனதில் வாங்கிக்கொள்வதை நான் பார்த்தேன். பஸ்ஸில் அவர் முன்னால் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மாமி என் தோளில் சாய்ந்து மார்த்தாண்டம் வரைக்கும் அழுதாள்.

அடுத்த ஞாயிறுக்குள் தங்கையன் வேலையைக் காட்டிவிட்டார். முதலில், செல்வதாஸ் கோர்ட்டிலேயே திருட்டை ஒத்துக்கொண்டான் என்று பரப்பினார். அப்பா கமிட்டியிலிருந்து விலகினார், கடைசி பெஞ்சுக்கு மாறினார். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தங்கையன் வேறு பாட்டைத் தொடங்கினார். வராந்தாவில் ஒரே இலையில் சாப்பிட்டார்களே, இதில் ஏதோ நாடகம் இருக்கிறது, ஒரு மனு தட்டிவிட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று புதுக்கடைச் சந்தையில் யாரிடமோ சொன்னாராம். இது அப்பாவின் காதுக்கு வந்தது. அன்றோடு அவர் மாமியிடம் பேசுவதை நிறுத்தினார்.

மாமி விடவில்லை. விடியற்காலையில் எங்கள் முற்றத்தில் வந்து நிற்பாள். அப்பா கதவைச் சாத்திக்கொள்வார். "ஒருக்கா என்னை ஏசவாவது செய்யண்ணே," என்று வெளியே நின்று கெஞ்சுவாள். உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொள்வார். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்காகவும் வெந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நீங்க என்ன கல்லா?" என்று கேட்டுவிட்டேன். "அவளுக்கு வீடு எழும்பட்டு," என்று மட்டும் சொன்னார்.

வீடு எழும்பியது. போதகர் வந்து ஜெபித்துப் புதுவீடு புகுகிற பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஆட்களில் புதுவீட்டுக் கதவைத் தாய்மாமன்தான் திறந்துவிட வேண்டும். ஷைஜா வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார், வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆனால் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. என்னைக் கூட்டிக்கொண்டு நடந்துவந்து, ரோட்டில் நின்றுவிட்டார். இரண்டு எட்டு வைத்தால் மாமியின் நிலம். பந்தலுக்குள் சபையே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் தங்கையன், காலை நீட்டி, நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்தார்.

மாமி சாவியோடு ஓடிவந்தாள்.

"உள்ள வா அண்ணே. கால்ல விழுதேன்."

"வரப்பிடாது ஏட்டி. எனக்குத் தடை உண்டு. நான் உள்ள கால் வச்சா அவன் நாளைக்கே மனு போடுவான்."

"போடட்டு. எனக்கு வீடும் வேண்டாம், நெலமும் வேண்டாம்."

"கிறுக்கு பறையாத. பிள்ளைக்கு வேணும்." பந்தலின் முதல் வரிசையை ஒரு தரம் பார்த்தார். "குளோரி, என்னை ஏசு."

"என்னது?"

"சத்தமா ஏசு. கள்ளான்னு சொல்லு. அடிச்சு வெரட்டு. ஆளுவ பாக்கட்டு. அவன் பாக்கட்டு. அப்பத்தான் அவன் வாய் அடையும்."

மாமி தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். முடியாது முடியாது என்று உதடு மட்டும் அசைந்தது.

"நான் உனக்கிட்ட இதுவரை ஒண்ணும் கேட்டதில்ல," என்றார் அப்பா. "இத ஒண்ணு செய்யி."

மாமி பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற ஷைஜாவைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"எதுக்குலே இங்க வந்த?" என்றாள். அண்ணனை அவள் அதுவரை 'லே' போட்டுக் கூப்பிட்டதில்லை. "எனக்க நெலத்தத் தின்னப் பாத்தது காணாதா? இப்ப வீட்டையும் கேக்க வந்தியாலே?"

பந்தலில் நாற்காலிகள் நகர்ந்தன. போதகர் எழுந்து நின்றார். தங்கையன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். மாமியின் முகமெல்லாம் கண்ணீர் ஓடியது. பார்த்தவர்கள் அதை ஆத்திரம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரலில், "இன்னும் கொஞ்சம் சத்தமா மக்கா," என்றார்.

"கள்ளா!" என்று மாமி அலறினாள்.